கழுவுகிற வீட்டுக்கு எந்த டாய்லெட் பேப்பர்? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

நான் நியூஜெர்சிக்கு வந்து பதினான்கு வருஷமாகிறது. புதிதாக வந்து இறங்கும் நண்பர்கள் முதல் மாதத்தில் எப்படியும் ஒரு தடவை கடைக்குள் நின்றுகொண்டு போன் செய்வார்கள்: "இங்கே ஒரு சுவர் முழுக்க டாய்லெட் பேப்பர் அடுக்கி வைத்திருக்கிறான், எதை எடுப்பது?" கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்பார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாங்கள் தண்ணீர் விட்டுக் கழுவுகிறவர்கள். எங்களுக்கு எதற்குப் பேப்பர்?

ஈரத்தைத் துடைக்க. ஊரில் குளியலறைத் தரை எப்போதும் ஈரம்தான். தண்ணீர் போக ஒரு ஓட்டை இருக்கும், யாரும் கவலைப்படுவதில்லை. இங்கே பெரும்பாலான வீடுகளில் கழிப்பறைத் தரையில் தண்ணீர் வெளியேற வழியே கிடையாது. மரச்சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் டைல்ஸ். சொட்டச் சொட்ட எழுந்தால் தண்ணீர் இடுக்கில் இறங்கி, மாடி வீடாக இருந்தால் கீழ்வீட்டுக்காரரின் கூரையில் கறையாக வெளிப்படும். எனக்கு முதல் வருஷமே அப்படி ஒரு கறைக்குப் பதில் சொல்லவேண்டி வந்தது. அதனால் கழுவினாலும் இரண்டு மூன்று தாள் எடுத்து ஈரம் ஒற்றிவிட்டுத்தான் எழ வேண்டும்.

இதில் யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. இந்த ஊரில் டாய்லெட் பேப்பரை ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் எல்லோரும் காய்ந்த இடத்தைக் காய்ந்த தாளால் துடைப்பவர்கள். அவர்களுக்கு மென்மைதான் முதல் மதிப்பெண். நமக்கு அப்படியில்லை. தாள் தண்ணீரைக் குடிக்க வேண்டும், நனைந்த பிறகும் கையோடு கிழிந்து வரக்கூடாது, உடம்பில் துகள் துகளாக ஒட்டக்கூடாது. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் அவர்கள் போட்ட வரிசையே மாறிப்போகும்.

சரி, சுற்றி வளைக்காமல் பெயரைச் சொல்லுங்கள்.

கழுவுகிற வீட்டுக்கு என்னுடைய முதல் தேர்வு சார்மின் அல்ட்ரா ஸ்ட்ராங். அடுத்தது காஸ்ட்கோ கடையின் சொந்தப் பெயரான கர்க்லண்ட் சிக்னேச்சர். காஸ்ட்கோ உறுப்பினர் அட்டை இருந்து, முப்பது ரோல் மூட்டையை வைக்க இடமும் இருந்தால் கர்க்லண்டையே வாங்கிவிடுங்கள். விலையோடு சேர்த்துப் பார்த்தால் அதுதான் முந்துகிறது. எங்கள் வீட்டில் ஆறேழு வருஷமாக அதுதான் ஓடுகிறது.

காட்டனெல் நல்ல தாள்தான். கையில் பிடித்தால் துணி மாதிரி ஒரு சுருக்கம் தெரியும். ஏஞ்சல் சாஃப்ட் சுமாரான விலையில் சுமாரான தாள், வாடகை வீட்டில் மூன்று பேச்சிலர்கள் பங்கு போட்டு வாங்குவதற்குச் சரி.

ஒரே சார்மினில் அல்ட்ரா சாஃப்ட், அல்ட்ரா ஸ்ட்ராங் என்று இரண்டு ஏன்?

மென்மையும் உறுதியும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. தாளுக்குள் இருப்பது மர நார். பைன், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரங்களின் நார் நீளமானது. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தாளுக்கு வலுக் கொடுக்கும். யூகலிப்டஸ் போன்ற மரங்களின் நார் குட்டையானது. மேற்பரப்பை வெல்வெட் மாதிரி ஆக்கும். இரண்டையும் எந்த அளவில் கலப்பது, எப்படி உலர்த்துவது என்பதில்தான் கம்பெனிகளின் கைத்திறன் இருக்கிறது.

உலர்த்துவதில் இரண்டு வழி உண்டு. பழைய வழியில் ஈரக்கூழை அழுத்திப் பிழிந்து, சூடான பெரிய உருளையில் ஒட்டி, கத்தியால் சுரண்டி எடுப்பார்கள். அழுத்துவதால் தாள் தட்டையாகும். இன்னொரு வழியில் அதிகம் அழுத்தாமல் சூடான காற்றை ஈரத்தாளின் ஊடாகவே செலுத்துவார்கள். தாளுக்குள் காற்றிடைவெளி நிற்கும், பஞ்சுபோல் உப்பும், தண்ணீரை உறிஞ்சும். மின்சாரமும் எரிவாயுவும் அதிகம் செலவாகும், அதனால் விலையும் அதிகம். சார்மினைத் தயாரிக்கும் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் இந்த முறையில் பழம் தின்று கொட்டை போட்ட கம்பெனி.

எந்தக் கம்பெனியாக இருந்தாலும் மிக மென்மையான வகையில் நார் கொஞ்சம் தளர்வாக இருக்கும். காய்ந்த தோலில் அது தெரியாது. ஈரத்தோலில் பட்டால் வெள்ளை வெள்ளையாக உருண்டு ஒட்டும். சாஃப்ட் என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து ஆசையாக வாங்கி, பிறகு சலித்துக்கொள்ளும் நம்மவர்கள் நிறைய. ஸ்ட்ராங் வகையை எடுத்தால் அந்தத் தொல்லை குறைவு.

டூ ப்ளை, த்ரீ ப்ளை என்றால் அதிக ப்ளை நல்லதா?

ப்ளை என்பது அடுக்கு. இரண்டு மெல்லிய தாள்களைச் சேர்த்து அழுத்தினால் டூ ப்ளை. ஆனால் ஒவ்வோர் அடுக்கும் எவ்வளவு தடிமன் என்று அந்த எண் சொல்லாது. நல்ல டூ ப்ளை மட்டமான த்ரீ ப்ளையைவிட உழைக்கும். ஒன்றா, இரண்டா என்று மட்டும் பாருங்கள். இரண்டுக்கு மேல் விளம்பரம்.

மெகா ரோல், சூப்பர் மெகா ரோல், "12 ரோல் = 48 ரோல்" என்றெல்லாம் போட்டிருக்கிறதே?

அந்த 48 ரோல் எந்த ரோல் என்று கேட்டுப் பாருங்கள். "எங்கள் சாதாரண ரோலில்" என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்தச் சாதாரண ரோலைக் கடையில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஒப்பிடுவதற்காகவே உயிரோடு வைத்திருக்கும் ரோல் அது. ஒரு கம்பெனியின் மெகாவும் இன்னொரு கம்பெனியின் மெகாவும் ஒன்றல்ல. இதற்குப் பொது அளவு எதுவும் இல்லை.

இன்னொன்று, விலையை ஏற்றாமல் தாளைக் குறைப்பது. ஒரு காலத்தில் நாலரை அங்குலச் சதுரம் என்பதுதான் ஒரு தாளின் வழக்கமான அளவு. இப்போது பல பிராண்டுகளில் நாலு அங்குலம், சிலவற்றில் அதற்கும் கீழே. உள்ளே இருக்கும் அட்டைக் குழல் அகலமாவதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ரோல் அதே பருமன். நம்மூரில் பிஸ்கட் பாக்கெட் அதே விலையில் இளைத்துக்கொண்டே போனது நினைவிருக்கிறதல்லவா, அதே கதைதான்.

அப்படியானால் விலையை எதை வைத்து ஒப்பிடுவது?

சதுர அடியை வைத்து. எல்லாப் பொட்டலத்திலும் மொத்தம் எத்தனை சதுர அடி என்று அச்சிட்டிருப்பார்கள். அடி ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். விலையை அதனால் வகுத்தால் போதும்.

கணக்குக்காக இரண்டு பொட்டலம் வைத்துக்கொள்வோம். ஒன்று 24 ரோல், 14 டாலர், 280 சதுர அடி. இன்னொன்று 12 ரோல், 16 டாலர், 400 சதுர அடி. ரோல் கணக்கில் முதலாவது 58 சென்ட், இரண்டாவது 1 டாலர் 33 சென்ட். முதலாவது கொள்ளை மலிவு மாதிரி தெரியும். சதுர அடிக்கு வகுத்தால் முதலாவது 5 சென்ட், இரண்டாவது 4 சென்ட். கதை தலைகீழ்.

அலமாரியில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டிலும் அலகு விலை இருக்கும். ஆனால் ஒன்றுக்கு "ஒரு ரோலுக்கு" என்றும் பக்கத்தில் இருப்பதற்கு "100 தாளுக்கு" என்றும் போட்டிருப்பார்கள். அதை நம்பி ஒப்பிட முடியாது. போனில் கால்குலேட்டரைத் திறந்துவிடுங்கள்.

நியூஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் இருப்பவர்களுக்கு ஒரு சின்ன லாபம்: இந்த இரண்டு மாநிலங்களிலும் டாய்லெட் பேப்பருக்கு விற்பனை வரி கிடையாது. வேறு பல மாநிலங்களில் உண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் வேலை பார்ப்பவர்கள் அங்கேயே வாங்கித் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

சதுர அடிக் கணக்கில் ஸ்காட் 1000தான் மலிவாக வருகிறது. அதையே வாங்கலாமா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், ஏனென்றால் எல்லோரும் கணக்குப் போட்டவுடன் இங்கேதான் வந்து நிற்பார்கள். ஸ்காட் 1000 என்றால் ஒரு ரோலில் 1000 தாள், ஒற்றை அடுக்கு. மெல்லியது. அதை ஒரு குறையாகச் சொல்ல மாட்டேன், அதன் வடிவமே அப்படி. சீக்கிரம் கரையும், குழாயை அடைக்காது, ரோல் நீண்ட நாள் வரும். பழைய குழாய் உள்ள வீட்டுக்காரர்களும் செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்களும் அதைத்தான் விரும்பி வாங்குவார்கள்.

ஆனால் சதுர அடிக் கணக்கு தடிமனைப் பார்ப்பதில்லை. ஈரம் ஒற்ற இரட்டை அடுக்கில் மூன்று தாள் போதும் என்றால், ஒற்றை அடுக்கில் எட்டுப் பத்தைச் சுருட்டிப் பிடிக்க வேண்டும். அப்புறம் மலிவு எங்கே? எங்கள் வீட்டில் நான் ஒரு வேலை செய்தேன். புது ரோல் போடும்போது உள்குழலில் பேனாவால் தேதி எழுதிவிடுவேன். தீர்ந்ததும் எத்தனை நாள் என்று பார்ப்பேன். இரண்டு மாதம் இப்படிச் செய்தால் உங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை சென்ட் என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். மனைவி சிரித்தாள், பையன் அதைக் கிராஃபாக வரைந்து பள்ளிக்குக் கொண்டுபோனான். எங்கள் கணக்கில் ஒற்றை அடுக்குக்கும் கர்க்லண்டுக்கும் ஒரு நாள் செலவில் பெரிய வித்தியாசமே வரவில்லை.

இத்தனை பெயர்களும் தனித்தனிக் கம்பெனிகளா?

இல்லை. மூன்று வீட்டுப் பிள்ளைகள். சார்மின் ப்ராக்டர் அண்ட் கேம்பிளுடையது. காட்டனெலும் ஸ்காட்டும் கிம்பர்லி கிளார்க். ஏஞ்சல் சாஃப்டும் குவில்டட் நார்தர்னும் ஜார்ஜியா பசிபிக். ஒரே கம்பெனி ஒரே அலமாரியில் விலை கூடியது ஒன்றும் குறைந்தது ஒன்றுமாக நிறுத்தி வைத்திருக்கும், அவ்வளவுதான்.

விஸ்கான்சின் மாநிலத்தில் க்ரீன் பே என்ற ஊர் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்துக்குப் பேர்போனது. நம் சிவகாசிக்குப் பட்டாசு மாதிரி அந்த ஊருக்கு டாய்லெட் பேப்பர். சார்மின் 1928இல் அங்கேதான் பிறந்தது. ப்ராக்டர் அண்ட் கேம்பிள் அதை 1957இல் வாங்கியது. நார்தர்னும் அதே ஊர். 1935இல் நார்தர்ன் தன் தாளைப் பற்றிச் செய்த விளம்பரம் என்ன தெரியுமா? "சிலாம்பு இல்லாதது" என்பதுதான். அதாவது அதற்கு முன் தாளில் மரச்சிலாம்பு இருந்திருக்கிறது. சொம்பு எடுத்துக்கொண்டு போன நம் தாத்தாக்கள் எவ்வளவு பாக்கியசாலிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைகளின் சொந்த பிராண்ட் பரவாயில்லையா?

கர்க்லண்டைச் சொல்லிவிட்டேன். வால்மார்ட்டில் கிரேட் வேல்யூ, டார்கெட்டில் அப் அண்ட் அப். இவற்றில் பெயர் ஒன்றாக இருந்தாலும் அல்ட்ரா ஸ்ட்ராங், அல்ட்ரா சாஃப்ட், சாதாரணம் என்று உள்பிரிவுகள் உண்டு. சாதாரணத்தைத் தொடாதீர்கள், ஸ்ட்ராங் வகையில் சின்னப் பொட்டலமாக ஒன்று வாங்கிப் பாருங்கள். பிடித்தால் பெரியது.

மூட்டையாக வாங்குமுன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும், ஐந்து நிமிஷ வேலை. ஒரு எவர்சில்வர் டம்ளர் எடுத்து வாயை ஒற்றைத் தாளால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். நடுவில் ஐந்து சொட்டுத் தண்ணீர் விட்டு, அதன் மேல் ஒரு சென்ட் காசுகளை ஒவ்வொன்றாக வையுங்கள். எத்தனையாவது காசில் பொத்துக்கொண்டு விழுகிறது என்று எண்ணுங்கள். வேறு தாளுக்கும் அதே மாதிரி. தாள்களின் குணம் அப்போதே தெரிந்துவிடும்.

துகள் ஒட்டுமா என்று பார்க்கப் புறங்கையை நனைத்துத் தாளால் நாலு தடவை தேய்த்துவிட்டு விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். நம் நிறத்தில் வெள்ளைத் துகள் பளிச்சென்று தெரியும்.

மூன்றாவது, கரைகிறதா என்பது. ஒரு பாட்டில் தண்ணீரில் இரண்டு தாளைப் போட்டு மூடிக் குலுக்குங்கள். டாய்லெட் பேப்பர் சீக்கிரம் கூழாகிவிடும். அதே பாட்டிலில் சமையலறைப் பேப்பர் டவலைப் போட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் குலுக்கினாலும் முழுசாக இருக்கும். அடுத்த கேள்விக்கு இதுதான் பதில்.

பேப்பர் தீர்ந்துவிட்டால் கிச்சன் டவல், முகம் துடைக்கும் டிஷ்யூ எடுத்துக்கொள்ளலாமா?

துடைக்கலாம், ஆனால் ஃப்ளஷ் செய்யக்கூடாது. அவற்றில் நனைந்தாலும் கிழியாமல் இருக்க ஒருவிதப் பிசின் சேர்த்திருப்பார்கள். டாய்லெட் பேப்பரில் அது வேண்டுமென்றே சேர்க்காத ஒன்று. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது டவல் ரோல் தடிமனாக நன்றாயிருக்கிறதே என்று இரண்டு வாரம் அதையே உபயோகித்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் மேலே ஏறி வந்தது. ஞாயிறு என்பதால் பிளம்பருக்கு இரட்டைக் கூலி. அம்மாவிடம் தொகையைச் சொல்லவில்லை. ரூபாயில் மாற்றிப் பார்த்திருந்தால் அன்று சாப்பிட்டிருக்க மாட்டாள்.

ஈரத் துடைப்பான்கள், அதாவது வைப்ஸ், "ஃப்ளஷ் செய்யலாம்" என்று எழுதியிருந்தாலும் குப்பையில்தான் போடுங்கள். 2017இல் லண்டனில் வைட்சாப்பல் பகுதிச் சாக்கடையில் வைப்ஸும் சமையல் கொழுப்பும் இறுகி 250 மீட்டர் நீளத்துக்கு ஒரு கட்டியாக அடைத்துக்கொண்டது. எடை 130 டன். ஆட்கள் இறங்கி வெட்டி எடுத்தார்கள்.

உபயோகித்த தாளைக் கூடையில் போடுவதா, ஃப்ளஷ் செய்வதா?

இங்கே ஃப்ளஷ்தான். கூடையில் போடாதீர்கள். வீட்டுக்கு வந்துபோகும் பெரியவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மறுசுழற்சித் தாள், மூங்கில் தாள் எப்படி?

மனசாட்சிக்கு நல்லது. இங்கே விற்கும் மென்மையான தாள்களுக்கான நீளநார்க் கூழில் கணிசமான பங்கு கனடாவின் வடக்கு ஊசியிலைக் காடுகளிலிருந்து வருகிறது. ஒரு தடவை துடைத்து எறிவதற்குப் பழைய காட்டை வெட்டுவதா என்று சூழல் அமைப்புகள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. கழுவுகிற வீட்டில் தாள் குறைவாகத்தான் செலவாகும், அந்த வகையில் நாம் ஏற்கெனவே கொஞ்சம் நல்லவர்கள்.

மறுசுழற்சித் தாள்களில் நார் ஏற்கெனவே ஒரு தடவை உழைத்துக் குட்டையானது. அதனால் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கும். ஈரம் ஒற்ற மட்டும் என்றால் அது பெரிய குறையில்லை. மூங்கில் தாள் இடைப்பட்டது: மறுசுழற்சியைவிட வழவழப்பு, மரக்கூழைவிடக் கொஞ்சம் விறைப்பு. ஹூ கிவ்ஸ் எ க்ராப் என்ற ஆஸ்திரேலியக் கம்பெனி இரண்டு வகையும் விற்கிறது. லாபத்தில் பாதியை உலகெங்கும் கழிப்பறையும் குடிதண்ணீரும் கிடைக்கச் செய்யும் அமைப்புகளுக்குக் கொடுக்கிறார்கள். பெயரைத் தமிழில் சொல்ல முடியாது, அம்மா பக்கத்தில் இருக்கிறாள். ரோல்கள் வண்ணக் காகிதத்தில் சுற்றி வரும்; நவராத்திரி கொலுப் படிக்குப் பின்னால் ஒட்ட எங்கள் வீட்டில் அந்தக் காகிதம் உதவியிருக்கிறது.

மூலம், வெடிப்பு உள்ளவர்கள் எதை வாங்க வேண்டும்?

வாசனை, சாயம் எதுவும் சேராத வெள்ளைத் தாள். தேய்க்காமல் ஒற்ற வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுவதுதான் இதில் பாதி வைத்தியம். ரத்தம் தெரிந்தால் பேப்பரை மாற்றிக்கொண்டிராமல் டாக்டரைப் பாருங்கள்.

ஊரில் இருப்பதுபோல் கையில் பிடிக்கும் ஸ்ப்ரே பொருத்தினால் பேப்பர் செலவு குறையுமா?

நிச்சயம். கழிப்பறைத் தொட்டிக்குத் தண்ணீர் போகும் குழாயில் ஒரு டி வடிவ இணைப்பைப் போட்டு, அதிலிருந்து பக்கக் குழாய் எடுப்பதுதான் வேலை. சுவரை உடைக்க வேண்டாம். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். ஒரு எச்சரிக்கை: இங்கே இந்த ஸ்ப்ரேக்களை எப்போதும் அழுத்தத்தில் விட்டுவைத்தால் ஒருநாள் குழாய் வெடித்து வீடு மிதக்கும். ஒவ்வொரு தடவையும் டி இணைப்பில் இருக்கும் குமிழை மூடிவிடுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஜனவரி மாதத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்காகவே எங்கள் வீட்டில் குளிர்காலம் முழுக்கப் பிளாஸ்டிக் மக் தொடர்கிறது.

பஞ்சம் வருமா? சேர்த்து வைக்க வேண்டுமா?

2020 மார்ச்சைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் போகாது. அலமாரி அலமாரியாகக் காலி. உண்மையில் தாள் இல்லாமல் போகவில்லை. அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போகும் பெரிய ஒற்றை அடுக்கு ரோல்கள் ஒரு தனி வழி, வீட்டு ரோல்கள் வேறு வழி. எல்லோரும் வீட்டில் உட்கார்ந்ததும் ஒரு வழியில் தேவை ஏறியது, இன்னொன்றில் இறங்கியது. ஏற்கெனவே இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த ஆலைகளால் திடீரென்று மாற்ற முடியவில்லை. கூடவே பயத்தில் வாங்கிக் குவித்தவர்கள்.

2024 அக்டோபரில் துறைமுகத் தொழிலாளர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தபோதும் ஜனங்கள் காஸ்ட்கோவுக்கு ஓடினார்கள். இந்த நாட்டில் விற்கும் டாய்லெட் பேப்பரில் பெரும்பகுதி இங்கேயே தயாராகிறது, கப்பலில் வந்து இறங்குவது கொஞ்சம்தான். ஒரு மூட்டை ஓடிக்கொண்டிருக்க, ஒரு மூட்டை கையிருப்பு. அதற்கு மேல் வேண்டாம். ஈரமான பேஸ்மென்ட்டில் வைத்தால் தாள் முடைநாற்றம் பிடித்துக்கொள்ளும், அலமாரியில் மேல்தட்டில் வையுங்கள்.

ரோலின் நுனி முன்பக்கம் தொங்க வேண்டுமா, சுவர்ப்பக்கமா?

இதற்காக இங்கே கல்யாணமான ஜோடிகள் சண்டை போடுவார்கள். தாள் தாளாகக் கிழிக்கத் துளை வரிசை போட்ட ரோலுக்கு 1891இல் காப்புரிமை வாங்கிய சேத் வீலர் வரைந்த படத்தில் நுனி முன்பக்கம்தான் தொங்குகிறது. எங்கள் வீட்டில் நானும் அப்படித்தான் மாட்டுவேன். மறுநாள் பார்த்தால் அம்மா சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டியிருப்பாள். மக்கிலிருந்து தெறிக்கும் தண்ணீர் நுனியை நனைக்காதாம்.